தான்சானியாவில் மணி கேட்டால் முள்ளுக்கு நேர் எதிரே பாருங்கள்

தன்னார்வலராக தான்சானியா போகிறவர்கள் கையில் ஒரு முள் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே யாராவது சுவாஹிலியில் மணி சொன்னால், அந்த எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்தான் நமது வழக்கப்படி அங்கே மணி. காலை 'நான்கு மணிக்கு வா' என்றால் 10 மணி. 'ஒரு மணி' என்றால் 7.

பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கே உதிக்கிறது. அதனால் அங்கே விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள், ஜாதகத்தில் நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவதைப் போல. இரண்டு கணக்குக்கும் எப்போதும் சரியாக ஆறு மணி நேர வித்தியாசம்; கடிகார வட்டத்தில் அது நேர் பாதி. நிமிடம் மாறாது.

கைபேசி மட்டும்தான் என்றால், உலகக் கடிகாரத்தில் புவனோஸ் அயர்ஸ் நகரைச் சேர்த்து 12 மணி முறையில் வையுங்கள். அது காட்டுவது அப்படியே சுவாஹிலி மணி. முதல் சில வாரங்களில் பள்ளிக்கோ கிராமக் கூட்டத்துக்கோ நேரம் தவறாமல் போக இது போதும்.

விமானத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம், அங்கே நமது வழக்கமான சர்வதேச முறைதான். ஆங்கிலத்தில் பேசும்போதும் பெரும்பாலும் நமது மணியையே சொல்வார்கள். வெளியூர்ப் பேருந்துச் சீட்டில் மட்டும் எந்த நேரம் என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். 'சுவாஹிலி மணியா, சர்வதேச முறை மணியா?' என்று கேட்டால் குழப்பம் இருக்காது.