ஜீப் ஸ்பீக்கரில் ஞொய்ங் சத்தமா? ஃபில்டர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலையில் இரண்டாவது கியரில் மிதிக்கும்போது பாட்டுக்குப் பின்னால் ஞொய்ங் என்று ஒரு சத்தம் ஏறுகிறதா? ஆக்ஸிலேட்டரை விட்டதும் அதுவும் இறங்குகிறதா? பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம்தான். கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் இது சர்வசாதாரணம். பாட்டு செட் முன்னால், பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பின்சீட்டுக்கு அடியில், நெகட்டிவ் வயரை வண்டியின் பாடியில் இணைக்கும் எர்த் போல்ட்டெல்லாம் கேரளப் பக்கத்து மழையில் ஊறித் துருவேறிக் கிடக்கும்.

கடைக்குப் போனால் முதலில் ஒரு நாய்ஸ் ஃபில்டரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது கடைசி வைத்தியம். சத்தம் எந்த வழியாக நுழைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் அது தேவையே படாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது

ஆல்டர்னேட்டருக்குள் உருவாவது மூன்று ஃபேஸ் ஏசி. ஆறு டயோடுகள் அதை டிசி ஆக்குகின்றன. ஆனாலும் அலை கொஞ்சம் மிஞ்சும். 12 துருவ ஆல்டர்னேட்டர், எஞ்சினைவிட இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 800 ஆர்பிஎம் ஐடிலில் அந்த அலை 1200 ஹெர்ட்ஸ். 2000 ஆர்பிஎம்மில் 3000 ஹெர்ட்ஸ். காது ரொம்பக் கூர்மையாகப் பிடிக்கும் இடம் அது. அதனால்தான் மலையேறும்போது சுருதி ஏறுகிறது.

செட்டின் எர்த்துக்கும் ஆம்பின் எர்த்துக்கும் இடையே சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தால், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு (வெளிக் கம்பி உறை) வழியாக மின்சாரம் ஓடும். ஆம்ப் அதையும் பாட்டென்று எடுத்துப் பெருக்கிவிடும். இதற்குத்தான் கிரவுண்ட் லூப் என்று பெயர்.

முதலில் காதால் சோதியுங்கள்

வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். பானெட் திறந்திருந்தால் துண்டு, வேட்டி நுனி பெல்ட் பக்கம் போகக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். லோடு கூடியதும் சத்தமும் கூடினால் சந்தேகமே வேண்டாம். ஆர்பிஎம் மாறியும் சுருதி மாறவில்லை என்றால், குற்றவாளி எல்இடி பட்டையோ மலிவான மொபைல் சார்ஜரோதான். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.

சார்ஜரில் போட்ட போன், செட்டுக்குப் பாட்டுக் கொடுக்கும் ஆக்ஸ் வயரிலும் இருக்கிறதா? சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் போய்விட்டால் வேலை முடிந்தது. ப்ளூடூத்துக்கு மாறுங்கள், இல்லையென்றால் ஆக்ஸ் வயரில் ஒரு ஐசொலேட்டர் (எர்த் தொடர்பை அறுத்துப் பாட்டை மட்டும் விடும் பெட்டி) போடுங்கள்.

அடுத்து வால்யூமை முழுக்கக் குறையுங்கள். சத்தமும் குறைந்தால் கோளாறு வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால், அதாவது செட்டிலோ அதற்கு வரும் வயரிலோ. அப்படியே இருந்தால் அதற்குப் பின்னால்: ஆர்சிஏ கேபிள், ஆம்ப், எர்த்.

ஷார்ட் பிளக்

இரண்டு பழைய ஆர்சிஏ பின் எடுத்து, நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் வையுங்கள். செட்டை அணைத்து, ஆம்பில் உள்ள ஆர்சிஏ கேபிளைக் கழற்றி, அங்கே இவற்றைச் செருகுங்கள். செட்டின் அவுட்புட்டில் செருகிவிடாதீர்கள், அது கெட்டுப்போகும். இப்போது எஞ்சினோடு செட்டையும் போட்டுக் கேளுங்கள். செட் ஓடினால்தான் ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயரில் 12 வோல்ட் வரும்.

சத்தம் அப்படியே இருந்தால் ஆம்பின் எர்த், பவர் வயர், அல்லது பாடியில் உரசும் ஸ்பீக்கர் வயர். நின்றுவிட்டால் ஆம்ப் பக்கம் நிரபராதி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கேபிளைக் கழற்றியதும் லூப்பும் அறுந்துவிடும் அல்லவா? சார்ஜரில் இல்லாத ஒரு போனை நேராக ஆம்பில் கொடுத்துப் பாருங்கள். அதிலும் சத்தமில்லை என்றால் மிச்சம் இருப்பது செட், ஆர்சிஏ கேபிள், இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம். வேறொரு ஆர்சிஏ கேபிளை சீட்டுக்கு மேலாகவே இழுத்து மாட்டுங்கள். சத்தம் போனால், ஒன்று பழைய கேபிள் கெட்டிருக்கும், அல்லது அது பவர் வயரோடு ஒட்டிப் போகிறது. பவர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம் போகட்டும். குறுக்கிட்டே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

செட்டின் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் செட் பாடிக்கும் இடையே, பவரையும் கேபிளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். பல செட்டுகளில் கிட்டத்தட்ட சுழியம் வரவேண்டும். அவற்றில் இணைப்பே இல்லை என்று காட்டினால் உள்ளே இருக்கும் பொடி ஃபியூஸ் போயிருக்கும். பவர் இருக்கும்போதே ஆர்சிஏ செருகிக் கழற்றினால் இப்படி ஆவதுண்டு.

எர்த்: பாதி வியாதி இங்கேதான்

ஓம்ஸ் வைத்து எர்த் பார்ப்பது ஏமாற்றும். துருவேறிய போல்ட்டும் மீட்டரில் நல்லதாகவே காட்டும். ஆம்ப் 20, 30 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். எனவே வோல்ட்டேஜ் டிராப் (வழியில் இழக்கும் வோல்ட்டேஜ்) பாருங்கள். ஐந்து மீட்டர் ஒயர் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து பின்னால் இழுத்துவந்து மீட்டரின் ஒரு முனையில் கட்டுங்கள். மறுமுனை ஆம்பின் எர்த் டெர்மினலில். எஞ்சின் ஓட, பாட்டைச் சத்தமாக வைத்து 2 வோல்ட் டிசி ரேஞ்சில் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஆம்ப் பக்க முனையை எர்த் போல்ட், பக்கத்துப் பாடித் தகடு, சேஸிஸ் என்று ஒவ்வொன்றாக முன்னுக்கு நகர்த்துங்கள். ரீடிங் சட்டென்று விழும் இடம்தான் கோளாறு.

ஜீப்பில் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர் உட்கார்ந்திருக்கும், போல்ட் வழியாகத்தான் எர்த் ஓடும். பாடியிலிருந்து சேஸிஸுக்கு 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒன்றைத் தனியாகப் போடுவது நல்லது. இந்த ஒரு கேபிளோடு அடங்கிவிடும் ஜீப்புகள் நிறைய.

எர்த் புதிதாகப் போடும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வயர் பவர் கேபிள் அளவுக்கே தடிமனாக, 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து வெள்ளைத் தகடு தெரியவேண்டும். முனையில் லக் (வளைய முனை) வைத்து நசுக்கி இறுக்கி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் இல்லையென்றால் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. சீட் பெல்ட் போல்ட்டில் கட்டவே கட்டாதீர்கள்.

ஆம்பின் கெயினை (உள்ளே வரும் பாட்டை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகை) வால்யூம் போல முழுக்கத் திருகி வைத்திருப்பார்கள். செட் வால்யூமை முக்கால் பங்கு வைத்து, கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, குரல் கரகரக்கத் தொடங்கும் முன் நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால்

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கவேண்டும். பிறகு மீட்டரை ஏசிக்கு மாற்றுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5க்கு மேல் என்றால் டயோடு போயிருக்கலாம், ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். மலிவான மீட்டரின் ஏசி ரேஞ்சு 200 வோல்ட்டில் தொடங்கும், சில டிசியையே ஏசி என்று கணக்குப் பண்ணி 25, 30 காட்டும். முனையில் 1 மைக்ரோஃபாரட் நான்போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, 2 வோல்ட் ஏசி ரேஞ்சு உள்ள மீட்டரில் பாருங்கள்.

டயோடும் நல்லது, எர்த்தும் நல்லது, செட்டை மாற்றவும் முடியாது என்றால் மட்டும் ஆர்சிஏ ஐசொலேட்டர் வாங்குங்கள். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர். விலை குறைந்ததில் பேஸ் அடிவாங்கும். ஊஃபர் லைனை விட்டுவிட்டு, முன் ஸ்பீக்கர் லைனில் மட்டும் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.