காலில் வலை, கணுக்காலில் புண்: ஏ.பி.எஸ்.ஸில் செய்யக்கூடாதவை

ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.பி.எஸ்., நம் எதிர்ப்புச் சக்தியே இரத்தத்தை உறைய வைக்கும் நோய். 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்தது. தோல் ஓ.பி.க்குப் புதிதாக வரும் பி.ஜி.க்கள் (முதுநிலை மருத்துவ மாணவர்கள்) வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

குளிருக்கு வந்த வலை என்று அனுப்பிவிடுவது

குளிரில் தோலில் தெரியும் வலை போன்ற கோடுகள் முழு வளையங்களாக, இரு காலிலும் ஒரே மாதிரி இருக்கும், போர்த்திக்கொண்டால் மறையும். ஏ.பி.எஸ். வலையின் வளையங்கள் கோணல்மாணலாக, அறுந்து அறுந்து கிடக்கும், சூட்டுக்கும் போகாது, தொடை, புட்டம் வரை ஏறும். நம் மாநிறத்தில் சிவப்பைத் தேடாதீர்கள், சாம்பல் பூத்த பழுப்பாகத்தான் தெரியும். நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள்.

கணுக்கால் புண்ணுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீராய்டு

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். முப்பதுகளில் ஒரு பெண். கணுக்காலைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் புண்கள், தூங்கவிடாத வலி, ஆறிய இடங்களில் வெள்ளைத் தழும்பு. வேறெங்கோ 'வாஸ்குலைட்டிஸ்' (இரத்தக்குழாய் அழற்சி) என்று எழுதி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். முகம் ஊதி, சர்க்கரை ஏறி வந்தார். புண் அப்படியே இருந்தது. ஃபைலில் இருந்த பயாப்ஸியோ (தோல் துண்டுப் பரிசோதனை) மேலாகக் கிள்ளி எடுத்தது. குழந்தைகள் எத்தனை என்று கேட்டேன். மாமியார் முந்திக்கொண்டார்: "எதுவும் தங்கலைங்க டாக்டர். ரெண்டும் அஞ்சாம் மாசத்துல போயிடுச்சு." அந்தத் தடிமனான ஃபைலில், ஏ.பி.எஸ்.ஸைக் காட்டிக்கொடுக்கும் இந்த ஒரு வரி மட்டும் இல்லை.

இங்கே இரத்தக்குழாயின் சுவர் அழன்று போகவில்லை. உள்ளே இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. அடைப்பை ஸ்டீராய்டு கரைக்காது. (உறுப்புகள் அடுத்தடுத்துச் செயலிழக்கும் கொடிய வகையில் அதற்கு இடமுண்டு, அது ஐ.சி.யூ. சமாச்சாரம்.) பயாப்ஸி கொழுப்பு வரை ஆழமாகப் போக வேண்டும். வலை இருந்தால், வளையத்தின் நடுவே வெளிறிய இடத்திலிருந்தும் ஒரு துண்டு எடுங்கள். அடைத்த குழாய் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

ஏ.பி.டி.டி. நீண்டிருக்கிறது, இரத்தம் கசியும் நோய் என்பது

ஏ.பி.டி.டி., இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை. சோதனைக் குழாயில்தான் உறையத் தாமதம். உடம்பில் நேர் எதிர். பிளேட்லெட் குறைந்திருந்தாலும் அடைப்பு வரும்.

ஒரே ரிப்போர்ட்டில் முத்திரை குத்துவது

ஏ.பி.எஸ். இரத்தப் பரிசோதனையை 12 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காய்ச்சல், தொற்றிலும் சில நாள் பாசிட்டிவ் காட்டும்.

ஹெப்பாரின் போட்டபின் லூபஸ் ஆன்டிகோவாகுலன்டுக்கு இரத்தம் எடுப்பது

லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் ஏ.பி.எஸ்.ஸுக்கான சோதனைகளில் ஒன்று. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி அதைக் குழப்பிவிடும், முன்பே எடுங்கள்.

ஏ.பி.எஸ்.ஸின் மூன்று இரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் ஆனவருக்கு ரிவராக்ஸாபேன்

இரண்டும் உறைவைத் தடுக்கும் மாத்திரைகள்தான், ஆனால் இவருக்கு ரிவராக்ஸாபேன் வேண்டாம், வார்ஃபரின்தான். 2018-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் ரிவராக்ஸாபேன் எடுத்தவர்களுக்கு அடைப்புகள் கூடியதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

விரல் நுனி கறுத்தவரை அடுத்த வாரம் வரச் சொல்வது

அன்றே அட்மிட்.