சொன்னாத்தான் தருவேன்: காது கேளாத குழந்தைகளோடு வேலை தொடங்குவோர் தவிர்க்க வேண்டியவை

எங்கள் மையத்துக்கு வருவது மூன்று வயதுக்கு உட்பட்ட, காது கேளாத குழந்தைகள். புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் அவர்களோடு உட்கார்ந்து செய்கிற தவறுகளில் பாதி, நாங்களும் புதிதாகச் சேர்ந்தபோது செய்தவைதான். காதில் மாட்டும் மிஷினுக்கு (செவித்துணைக் கருவி) பேட்டரி மாற்ற மறப்பது, முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவது போன்றவை தானாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காது அச்சு

மிஷினைக் காதில் பொருத்துவது காதின் அளவுக்குச் செய்த அச்சு. குழந்தை வளர வளர காதும் வளரும், அச்சு தளர்ந்துபோகும். மிஷின் கீச்சிட்டால் சத்தத்தைக் குறைக்காதீர்கள், அச்சை மாற்றுங்கள்.

சொன்னாத்தான் தருவேன்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பால் டம்ளரை எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு, "பால்... சொல்லு, பால்... சொன்னாத்தான் தருவேன்." குழந்தை உதட்டை ஒட்டிப் பிரித்து எதையோ சொல்லும். உடனே கைதட்டல். அம்மா அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்.

காது கேட்கிற குழந்தையே முதல் சொல்லைச் சொல்ல ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு வருஷமும் அதற்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை. "என் தங்கத்துக்குப் பசிக்குதா, இரு, ஆறட்டும்" என்று பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இரண்டரை வயதில் மிஷின் மாட்டிய குழந்தைக்கு, கேட்கும் வயது அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஆறு மாதம் கழித்து நாம் கேள்வி கேட்பது பார்வைக்கு மூன்று வயதுப் பிள்ளையிடம். கேட்கும் வயதில் அது கைக்குழந்தை.

ஒரு சிறுமி எங்களிடம் வந்தபோதே "பால்" என்று தெளிவாகச் சொல்வாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் பால், கதவைத் திறக்கச் சொல்லவும் பால், அப்பா கிளம்பினால் அழுதுகொண்டே பால். கேட்டது கிடைப்பதற்கு எழுப்ப வேண்டிய ஓர் ஓசை என்றுதான் அவளுக்கு அது பழகியிருந்தது. அதை மாற்றவே பல மாதங்கள் போயின. மொழியை மூளை எளிதாக வாங்கிக்கொள்ளும் வயதில் போன மாதங்கள் அவை.

இன்னொரு கேடும் உண்டு. சார்ட்டைக் காட்டிக் காட்டி பந்து, பூ, நாய் என்று நூறு பெயர்களைச் சொல்ல வைத்துவிடலாம். ஆனால் தமிழில் யார், எப்போது, நடந்ததா இல்லையா என்பதெல்லாம் வினையின் கடைசியில்தான் வருகிறது: குடிக்கிறியா, குடிச்சிட்டியா, குடிக்கலையா. ஓடுகிற பேச்சைக் கேட்காத பிள்ளைக்கு இது எங்கிருந்து வரும்? ஐந்தாம் வகுப்பில் "ராமு பால் குடிக்கவில்லை" என்று படித்துவிட்டு, ராமு குடித்தான் என்று பதில் எழுதுவதன் தொடக்கம் இங்கேதான்.

பாலை ஊற்றும்போதே பேசுங்கள். "ஆவி வருது பாரு. சுடுது. ஊதலாமா? ஆறிடுச்சு. குடி." வீட்டில் பேசுகிற தமிழே போதும், "இது பால் ஆகும்" எல்லாம் வேண்டாம். நீங்கள் ஒன்று கேட்டால், மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக் காத்திருங்கள். குழந்தை கையை நீட்டினாலும், டம்ளரையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தாலும் கேட்டதாகத்தான் கணக்கு. "பால் வேணுமா? இந்தா" என்று வாக்கியத்தை நீங்கள் சொல்லி, பாலைக் கொடுத்துவிடுங்கள். பாட்டியையும் கூட்டி வரச் சொல்வது இதற்காகத்தான். பாட்டிகள் சார்ட் வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

சைகை

தடுக்காதீர்கள். சைகை காட்டினால் பேச்சு வராது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. மிஷினால் பலன் கிடைக்காத குழந்தைக்கு இந்திய சைகை மொழியே முதல் மொழியாகலாம்.

"வாயைப் பாரு"

உதட்டை மட்டும் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாது. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் பாடு, மாடு என்று சொல்லிப் பாருங்கள். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். வாயை அகலமாக இழுத்துப் பேசினால் அந்தக் கொஞ்ச அடையாளமும் கெட்டுப்போகும். மிஷின் மாட்டிய குழந்தைக்கு முதலில் குரல் போகட்டும், முகம் பிறகு.

ஆபரேஷன்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தமிழகத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) இலவசமாகப் பொருத்தப்படுகிறது. காயம் ஆறியதும் வேலை முடிந்தது என்று ஊருக்குப் போய்விடுகிற பெற்றோர் உண்டு. ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்கவே ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு மேப்பிங்குக்கு, அதாவது கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கு ஏற்றபடி சரிசெய்ய, திரும்பத் திரும்ப வர வேண்டும், பயிற்சியும் வருஷக்கணக்கில் தொடர வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சளி

சளி பிடித்த வாரத்தில் குழந்தை கூப்பிட்டதற்குத் திரும்பாவிட்டால் "கவனம் இல்லை" என்று எழுதாதீர்கள். சளியால் கேட்பது குறைந்திருக்கலாம், காது மருத்துவரிடம் அனுப்புங்கள்.