சின்ன டெலஸ்கோப்பில் நிலாவின் 'நேர்ச் சுவர்': பார்ப்பதும் படமெடுப்பதும்

நிலாவை ஆராய பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று நாம் பார்க்கும் திசையிலிருந்தே வெயிலும் அடிப்பதால் நிழல் கண்ணில் படாது. மலையும் பள்ளமும் ஒரே வெளுப்பாகத் தெரியும். மேடுபள்ளத்தைக் காட்டுவது நிழல்தான். எனவே வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டியே தேட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'நேர்ச் சுவர்'. ரூபெஸ் ரெக்டா என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். சுமார் 110 கி.மீ. நீளம். முன்லென்ஸ் 60 மி.மீ. அகலமுள்ள டெலஸ்கோப்பே போதும்.

முதலில் நாள். வளர்பிறை நவமி, தவறினால் தசமி.

அடுத்து இடம். 25 மி.மீ. ஐபீஸைப் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டு, நிலாவின் நடுப்பகுதிக்கு வாருங்கள். டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாக்கெல் என மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாக, ஒன்றைவிட ஒன்று சின்னதாக இருக்கும். டெலஸ்கோப் படத்தைத் தலைகீழாகக் காட்டினாலும் கவலையில்லை: பெரியதிலிருந்து சின்னதை நோக்கிப் போனால் அது தெற்கு. அர்சாக்கெலைத் தாண்டி அதே போக்கில் கொஞ்சம் போய், இருள் பக்கமாக ஒதுங்குங்கள். சமவெளியில் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதன் இருள் பக்கத்தில் பர்ட் என்ற 17 கி.மீ. குட்டிப் பள்ளம் இருந்தால், சரியான இடம்தான். இப்போது இன்னும் பெரிதாகக் காட்டும் 10 மி.மீ. ஐபீஸுக்கு மாறுங்கள்.

பார்க்கச் செங்குத்தாகத் தோன்றினாலும் அது சுவரே அல்ல. தரை பிளந்து ஒரு பக்கம் சில நூறு மீட்டர் கீழே இறங்கியதால் உண்டான சரிவு. நிலாவின் அந்த இடத்தில் அப்போது காலை; வெயில் சாய்வாக விழுவதால்தான் நிழல் அவ்வளவு அழுத்தமாக விழுகிறது. எனக்கு இதில் மிகப் பிடித்ததே இதுதான்.

படத்துக்குச் செல்போனே போதும், ஆனால் கையில் பிடிக்க வேண்டாம். ஐபீஸில் மாட்டும் ஹோல்டர் வாங்கிவிடுங்கள். திரையில் எல்லைக்கோட்டைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டுங்கள். ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன்) குறைத்து, வெளிச்சமான பகுதி வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்குங்கள். தொட்டால் டெலஸ்கோப் ஆடும், டைமர் வையுங்கள். மோட்டார் இல்லாத ஸ்டாண்டில் நிலா தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். சுவர் நகர்ந்து போகும் பக்கமாகக் கொஞ்சம் முன்னாலேயே குறிவைத்துக் காத்திருங்கள்.

ஒற்றைப் படத்தைவிட வீடியோ நல்லது. காற்று அலைபாயும்போது படமும் நெளியும். ஒரு நிமிட வீடியோவிலிருந்து தெளிவான ஃபிரேம்களைப் பொறுக்கி அடுக்கித் தர ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

தேய்பிறை அஷ்டமியன்று விடியலுக்கு முன் மறுபடி எடுங்கள். வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து சரிவின் மேலேயே விழுவதால், அதே கோடு வெள்ளையாக மின்னும்.