டர்பனில் மரக்கேட்டுக்கு ஸ்டெயின் அடிக்குமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு பார்த்துக் குடிவந்ததும் பலருக்கும் கண்ணை உறுத்துவது சாம்பல் பூத்த மரக்கேட்டுதான். கேட்டை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். வெயில் மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்க, மழை அதை அரித்துக்கொண்டு போகும். உள்ளே மரம் நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால்தான் உளுத்துப்போனது.

இங்கே நம்மூர்க் கணக்கு தலைகீழ். சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வடக்குப் பார்த்த கேட்டுதான் சீக்கிரம் வெளுக்கும். டிசம்பரும் ஜனவரியும் மழையும் புழுக்கமுமான கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, வேலைக்கு அதுதான் வாகு. இது தெரியாமல், தைப்பூசக் காவடிக்குள் வாசல் பளிச்சென்று இருக்கட்டும் என்று நான் ஜனவரியில் வார்னிஷ் அடித்தேன். நாள் கணக்கில் பிசுபிசுத்தது. மறுவருஷம் பாம்புச்சட்டை போல உரிந்து தொங்கியது.

வார்னிஷ் மேலே படலமாக நிற்கும். விரிசலில் தண்ணீர் புகுந்தால் உரியும். ஸ்டெயின் என்பது மரத்துக்குள் ஊறும் பூச்சு; அது உரியாது, மங்கும். மங்கினால் கழுவிக் காயவைத்து இன்னொரு கை அடித்தால் போதும். வெளிப்புறத்துக்கானதா என்று டப்பாவில் பாருங்கள். நிறமற்றதைவிட நிறமுள்ளதே வெயிலைத் தாங்கும்.

முதலில் பாசி போக பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அடுத்து 120, இழை ஓடும் போக்கிலேயே. சாம்பல் போய் மரத்தின் நிறம் தெரிய வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். உறிஞ்சினால் ஸ்டெயினும் ஊறும். முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது, தேயுங்கள்.

நேர்வெயிலில் அடிக்க வேண்டாம். மெல்லிசாக ஒரு கை. கால் மணி நேரம் கழித்து, ஊறாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்தபின் இரண்டாம் கை. பலகைகளின் வெட்டுமுனைகள், முக்கியமாகக் கேட்டின் அடிப்பக்கம், தண்ணீரைக் குடிக்கும் வாய்கள். அங்கே குனிந்து, மூன்று கைகூட அடிக்கலாம். (மோட்டார் கேட்டென்றால் சுவிட்சை அணைத்துவிட்டு.)

எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்தபின் எறியுங்கள். மஞ்சள் குங்குமம் வைக்க, மாவிலை கட்ட ஒரு வாரமாவது பொறுங்கள்; ஈரத்தில் பதிந்த மஞ்சள் எங்கள் கேட்டில் இன்னும் போகவில்லை.