ஆய்வில் பிறந்த முறைகளைத் தொழில்துறையின் பெரிய கணினி அமைப்புகளில் பயன்படுத்துவது எப்படி

விமானக் கட்டுப்பாடு, ஓட்டுநரில்லா ரயில், மருத்துவக் கதிர்வீச்சுக் கருவி போன்ற அமைப்புகளில் மென்பொருளும் வன்பொருளும் உணரிகளும் மனிதர்களும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இவற்றில் நேர்ந்த பெரும் விபத்துகள் பலவற்றை ஆராய்ந்தால், ஒவ்வொரு பாகமும் தனக்கு இடப்பட்ட வேலையைச் சரியாகவே செய்திருப்பதையும், ஒரு பாகம் மற்றொன்றைப் பற்றி எங்கும் எழுதிவைக்காமல் நம்பியிருந்த ஏதோ ஒன்று பொய்த்துப் போயிருப்பதையும் காணலாம். ஆகவே ஆய்வாளர்களும் தொழில்துறைப் பொறியாளர்களும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கும்போது முதலில் எழுத வேண்டியது நிரலை அல்ல, ஒரு பாகம் மற்றொன்றைப் பற்றி நம்பியிருப்பவற்றின் பட்டியலான எடுகோள் பதிவேட்டை.

இரண்டு பாகங்கள் சந்திக்கும் ஒவ்வோர் இடைமுகத்துக்கும் பதிவேட்டில் ஒரு பதிவு இருக்க வேண்டும். கடந்து செல்லும் மதிப்பின் அலகு என்ன, அதன் மிகச்சிறிய, மிகப்பெரிய அளவுகள் எவை, அது எவ்வளவு நேரத்துக்குச் செல்லுபடியாகும், வராமல் போனால் பெறும் பக்கம் என்ன செய்யும் ஆகிய கேள்விகளுக்கு அதில் விடை இருக்க வேண்டும். அலகை எழுதுவது மிகச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் தர, வழிசெலுத்தும் குழு அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டதால்தான் செவ்வாய்க்கு அனுப்பப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று இழக்கப்பட்டது.

வரம்பைப் பற்றிய பதிவு, ஏற்கெனவே நன்றாக இயங்கிய மென்பொருளைப் புதிய அமைப்பில் மீண்டும் பயன்படுத்தும்போது உயிர்நாடியாகிறது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே, புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4இலிருந்து எடுக்கப்பட்ட அதன் நிலைம வழிகாட்டு மென்பொருள் (ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணிப்பது), கிடைமட்டத் திசைவேகம் சார்ந்த 64 பிட் எண்ணொன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. புதிய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு பழைய வரம்பைத் தாண்டிவிட்டது. துணைக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் நின்றுபோனது. அந்தக் கணக்கீடு ஏரியான் 5இல் புறப்பட்ட பிறகு தேவையே இல்லை என்பது இன்னும் வருத்தத்துக்குரியது. ஆகவே மறுபயன்பாட்டை ஏற்கும் முன், பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் புதிய சூழலிலும் உண்மையா என்று ஒருவர் கையொப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும். ஒரே நிரலை இரட்டிப்பதால் வன்பொருள் பழுதிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும், வடிவமைப்புப் பிழையிலிருந்து கிடைக்காது.

அடுத்து, எது நிகழவே கூடாது என்பதைப் பட்டியலிடுங்கள். தெராக்-25 கதிர்வீச்சுக் கருவியால் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகள் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அதற்கு முந்தைய தெராக்-20இலும் ஒத்த மென்பொருள் பிழை இருந்தது. ஆனால் அதிலிருந்த வன்பொருள் பூட்டு தீங்கைத் தடுத்தது. அந்தப் பூட்டை நீக்கிவிட்டு மென்பொருளையே நம்பியபோது, பூட்டு அதுவரை எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த விபத்துகளை ஆராய்ந்த நான்சி லெவெசன் என்ற கணினி அறிவியலாளர் பின்னர் உருவாக்கிய எஸ்டிபிஏ என்ற தீங்கு ஆய்வு முறை, அத்தகைய கேள்விகளை ஒழுங்காகக் கேட்கக் கற்றுத்தருகிறது. ஒவ்வொரு கட்டளையையும் எடுத்துக்கொண்டு, தர வேண்டிய நேரத்தில் தராவிட்டால் என்ன ஆகும், தரக் கூடாதபோது தந்தால் என்ன ஆகும், முந்தியோ பிந்தியோ வந்தால் என்ன ஆகும், விரைவில் நின்றாலோ நீடித்தாலோ என்ன ஆகும் என்று ஆராய வேண்டும். கருவியை இயக்குபவர் தரும் கட்டளைகளையும் இதில் சேர்ப்பது அவசியம்.

இதன் பிறகே, மென்பொருள் சரியாக இயங்கும் என்பதைக் கணிதத்தால் நிறுவும் முறைகளுக்கு இடம் வருகிறது. முழு அமைப்பையும் இப்படி நிறுவிக்காட்ட முற்படுவது வீண். தீங்குப் பட்டியலில் முதலிடம் பெறும் சிறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். 1998இல் திறக்கப்பட்ட பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடத்தில், பாதுகாப்புக்குப் பொறுப்பான மென்பொருள் மட்டுமே பி முறை என்ற கணித முறையில் சரியென்று நிறுவப்பட்டது. அமேசான் பொறியாளர்கள் 2011 முதல் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய, அமைப்புகளின் நடத்தையைக் கணிதமாக விவரிக்கும் டிஎல்ஏ பிளஸ் மொழியில் தங்கள் வடிவமைப்புகளை எழுதிச் சோதித்தபோது, 35 படிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடந்தால் மட்டுமே வெளிப்படும் பிழையொன்று பிடிபட்டது. வழக்கமான சோதனை எதுவும் அத்தகைய வரிசையைத் தேடிச் செல்லாது. செலவையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். 2009இல் சரியென்று கணிதத்தால் நிறுவப்பட்ட செல்4 என்ற இயங்குதளக் கருவில் இருந்தவை ஏறத்தாழ 8,700 வரிகள். அதற்கான மொத்த உழைப்போ ஏறத்தாழ 20 ஆள்-ஆண்டுகள். வன்பொருள், தொகுப்பி (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது), துவக்க நிரல் ஆகியவை சரியாக இயங்கும் என்பதைத் தாங்கள் நிறுவாமல் எடுத்துக்கொண்டதை அதை நிறுவிய குழு வெளிப்படையாகப் பட்டியலிட்டது. உங்கள் நிறுவலோடும் அத்தகைய பட்டியல் வர வேண்டும். அதன் ஒவ்வொரு வரியும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

கருவி தரும் முடிவு பொறியாளரை எப்போது சென்றடைகிறது என்பதும் அதன் தரத்துக்கு இணையாக முக்கியமானது. பேஸ்புக்கின் இன்ஃபர் பகுப்பாய்வுக் கருவி, பிழைகளைத் தனிப் பட்டியலாகப் பின்னர் தந்தபோது அவை ஏறக்குறைய திருத்தப்படவே இல்லை. நிரல் மாற்றத்தை மதிப்பாயும் நேரத்திலேயே தந்தபோது 70 விழுக்காட்டுக்கு மேல் திருத்தப்பட்டன. எனவே ஆய்வாளர்கள் தங்கள் கருவியைப் பொறியாளரின் அன்றாடப் பணியோட்டத்துக்குள் பொருத்த வேண்டும். எதிர்க்காட்டுகளை, அதாவது தேவை மீறப்படும் நிகழ்வு வரிசைகளை, சூத்திரமாகத் தராமல், அவர்கள் வழக்கமாகப் படிக்கும் நிகழ்வுப் பதிவின் வடிவில் தர வேண்டும். தொழில்துறையினர் தம் பங்குக்கு, அடையாளங்கள் நீக்கப்பட்ட உண்மையான பழுதுப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும். மாதிரிக்கென்று புனைந்த எளிய கணக்குகளில் வென்ற முறை, பத்தாண்டு பழைய நிரலின் முன் திணறுவது வழக்கம்.

விமானத்துக்கான டிஓ-178சி, வாகனத்துக்கான ஐஎஸ்ஓ 26262 போன்ற தரநிலைகள் பொருந்தும் இடங்களில், கருவியின் தகுதியையும் நிறுவிக்காட்ட வேண்டியிருக்கும். இந்தப் பேச்சைச் சான்றளிப்பவர்களோடு தொடக்கத்திலேயே நடத்திவிடுங்கள்.

ஆய்வாளர் விடைபெறும் முன் ஒரு சோதனை கட்டாயம் நடைபெற வேண்டும். நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தேவையொன்றை மாற்றி, அதற்கேற்ப அமைப்பின் கணித மாதிரியைத் தாமே திருத்தி, சரிபார்ப்பை மீண்டும் ஓட்டி, வெளிவந்த முடிவை விளக்கிக் காட்ட வேண்டும். ஆய்வாளர் அருகில் அமர்ந்திருக்கலாம், உதவக் கூடாது. பொறியாளரால் இயலவில்லையென்றால், ஒப்படைப்பை ஒத்திவைத்துப் பயிற்சியைத் தொடருங்கள்.