ஆடிக் காற்றுக்கு முன்னால் வீட்டை ஆயத்தம் செய்வது எப்படி?

நான் பிறந்து வளர்ந்தது இலங்கை மலையகத்தில், ஊவாவின் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். வாக்கப்பட்டு வந்தது மலையின் மேற்குப் பக்கம், மஸ்கெலியாவுக்கு. வந்த முதல் வருஷம் ஆனி மாதத்தில் ஓர் இரவு முழுக்கக் கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மழை நிற்கவில்லை. இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வைத்திருந்த விறகு முழுக்க நனைந்துவிட்டது. விடிந்ததும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "இங்க ஒரு சொட்டு மழை இல்ல புள்ள. மானாப்புல்லு காஞ்சு கிடக்கு, அந்தப் பக்கம் மலை எரியுது" என்றார்.

இரண்டு இடத்திலும் அடித்தது ஒரே காற்று. இதைப் புரிந்துகொண்டால் எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பது தானாகத் தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: நீங்கள் காற்றின் எந்தப் பக்கம்?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. சிவனொளிபாத மலை, மஸ்கெலியா, நோர்வூட், அட்டன் பக்கங்களில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. காய்ந்த காற்று 1000 மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை சூடேறும். பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல, வெலிமடைப் பக்கம் அடிக்கும் கச்சான் காற்று இதுதான். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தத் தனி மணம் வருவதும் இந்தக் காற்றால்தான். அதே காற்றுதான் புல்லைக் காய வைத்து, ஒரு பொறி விழுந்தால் மலையையே எடுத்துக்கொண்டு போகிறது.

ஆக, மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூரையும் மரமும் முதல் கவலை. ஊவாவில் இருப்பவர்களுக்கு நெருப்பு முதல் கவலை. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குப் பக்கமும் காய்ந்துவிடும். அப்போது நெருப்பைப் பற்றிய படிகள் எல்லாருக்கும் பொருந்தும்.

படி 2: எச்சரிக்கையைக் கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் "இடைக்கிடையே மணிக்கு 60 முதல் 70 கிலோமீற்றர் வேகத்தில்" என்று வரும். இந்த எண்ணைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மரத்தின் பெரிய கிளைகள் ஆடி, கரண்ட் கம்பி விசிலடித்தால் காற்று 40ஐத் தாண்டிவிட்டது. முழு மரமும் ஆடி, எதிர்த்து நடப்பது கஷ்டமாக இருந்தால் 50ஐத் தாண்டிவிட்டது. சிறு கிளைகள் ஒடிந்து விழத் தொடங்கினால் 60க்கு மேல். 75ஐத் தாண்டினால் கூரைகள் கழலத் தொடங்கும். 90 அளவில் மரங்கள் வேரோடு சாயும்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். 30ல் ஆடாத தகரம் 60ல் பறப்பது அதனால்தான். "இவ்வளவு நாளா நின்ன கூரைதானே" என்ற தைரியம் இங்கே உதவாது.

படி 3: கூரை

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வெயில் உள்ள, காற்றில்லாத ஒரு நாளில் செய்யுங்கள். சித்திரை மாதம் நல்லது.

முதலில் உள்ளேயிருந்து பாருங்கள். நடுப்பகலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஆணி அடித்த இடங்களில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். புள்ளியாகத் தெரிந்தால் பரவாயில்லை. நீட்டாக, ஒரு நெல்மணி அளவுக்குத் தெரிகிறதா? அந்தத் தகரம் காற்றில் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கிறது. ஆணியின் தலை ஒருநாள் அந்த ஓட்டைக்குள்ளேயே நுழைந்துவிடும். எங்கள் வீட்டில் முதல் தடவை பார்த்தபோது இப்படிப் பதினொன்று இருந்தது. எல்லாமே இஸ்தோப்புக்கு மேலே, கூரையின் ஓரத்தில்.

ஓரத்தில் இருந்ததற்குக் காரணம் உண்டு. கூரைக்கு மேலே வேகமாகப் போகும் காற்று தகரத்தை மேலே உறிஞ்சி இழுக்கிறது. அந்த இழுப்பு முகட்டிலும் ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தொங்கக் காம்பராவின், அதாவது வரிசையின் கடைசி வீட்டின், கூரை முதலில் போவதும் இதனால்தான். இரண்டு பக்கம் ஓரம் அதற்கு. நீங்கள் தொங்கக் காம்பராவில் இருந்தால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனம் எடுங்கள்.

பெரிதான ஓட்டையில் பெரிய ஆணியை அடித்துப் பயனில்லை. பக்கத்தில், மரச்சட்டம் இருக்கும் இடத்தில், தகரத்தின் மேட்டில் புது ஆணி அடியுங்கள். ரப்பர் வாஷர் போட்ட தலை அகன்ற கூரை ஆணி வேண்டும். சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கிற கொக்கி போல்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய ஓட்டையை அடைத்துவிடுங்கள். ஓரத்திலும் முகட்டிலும் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஆணி இருக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் ஐதாக இருக்கலாம்.

அப்புறம் சட்டம். தகரம் சட்டத்தோடு இறுகி, சட்டம் சுவரோடு இறுகாமல் இருந்தால் கூரை முழுசாகவே எழும்பும். ஒவ்வொரு சட்டத்தையும் சுவரில் பதித்த கம்பியோடு அல்லது இரும்புப் பட்டையோடு கட்ட வேண்டும்.

நம் ஆட்கள் கூரை மேல் கல் வைப்பது வழக்கம். தயவுசெய்து தனிக் கல்லை வைக்காதீர்கள். தகரம் எழும்பினால் கல் உருண்டு கீழே நிற்பவரின் தலையில்தான் விழும். இரண்டு உர மூட்டைப் பையில் மணலை நிரப்பி, இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் தொங்கவிடுங்கள். டயர் வைப்பவர்களும் உண்டு. அதில் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு வரும், வேண்டாம்.

காற்று அடிக்கும்போது கூரையில் ஏறவே கூடாது. எங்கள் லயத்தில் ஒரு மாமா, இரவில் தகரம் அடிக்கிறது என்று மழையிலேயே ஏறினார். தகரம் அவரையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து, அதன் பிறகு அவர் மலைக்கு வேலைக்குப் போகவே இல்லை. ஒரு தகரத்தின் விலைக்கு ஒரு மனிதனின் நடையைக் கொடுத்தோம் என்று அத்தை இன்றைக்கும் சொல்லி அழுவார்.

கூரை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றால் வாயால் சொல்லி விடாதீர்கள். எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மரம்

வீட்டுக்குப் பக்கத்தில் டர்பன்டைன், சவுக்கு, அல்பீசியா எது நின்றாலும் அது விழுந்தால் வீட்டைத் தொடுமா என்று அளந்து பாருங்கள். உங்கள் கையின் நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டி, கையை நேராக நீட்டி, குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் அடியும் நுனியும் மரத்தின் அடியோடும் நுனியோடும் பொருந்தும்வரை பின்னால் நடந்து போங்கள். பொருந்திய இடத்திலிருந்து மரம்வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். மட்டமான தரையில் சரியாக வரும்.

மரம் புதிதாகச் சாய்ந்திருப்பது, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் அடிமண் வெடித்து எழும்பியிருப்பது, அடியில் காளான் முளைத்திருப்பது, உச்சியில் காய்ந்த கிளை, பாதைக்கோ மரக்கறிப் பாத்திக்கோ வேரை வெட்டியிருப்பது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். நீங்களே வெட்டப் போகாதீர்கள்.

கிளையில் குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றில் கிளை ஒடிந்தால் கூடு கலையும், புகையிலும் கலையும். கலைந்துவிட்டால் கையை வீசாமல், படங்கால் (இடுப்பில் கட்டும் தடித்த விரிப்பால்) தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அடைப்பான இடத்துக்குப் போங்கள். கொட்டின பிறகு மூச்சு முட்டினாலோ உதடு வீங்கினாலோ உடனே 1990 அம்புலன்ஸ்.

படி 5: ஒரு பை

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கடிதங்கள், கிளினிக் கொப்பி, இரண்டு வாரத்து மருந்து, டோர்ச், சார்ஜ் போட்ட பவர் பேங்க், குழந்தை இருந்தால் பால்மா. பத்திரங்களை இரண்டு பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். 1948 சட்டத்தில் குடியுரிமை போய், 2003 சட்டம் அதைத் திருப்பித் தரும்வரை மலையகத் தமிழரான நம்மில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு காகிதத்துக்காகக் காத்துக் கிடந்தன. அந்தக் காகிதத்தைக் காற்றுக்கும் நெருப்புக்கும் கொடுக்க வேண்டாம்.

கூரை போனால் எங்கே போவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். பாடசாலையா, கோயிலா, பிள்ளைக்காம்பராவா (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையமா)? போகிற வழியில் பெரிய மரமும் மண்மேடும் இல்லாத இடமாக இருக்கட்டும்.

படி 6: காற்று அடிக்கும்போது

படுக்கப் போகும் முன் அடுப்புத் தணலில் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு காற்றோடு சேர்ந்து லயம் முழுக்க ஓடும்.

ஜன்னலுக்கும் மரம் நிற்கும் பக்கத்துக்கும் விலகி, உள்சுவர் ஓரமாகப் படுங்கள். காற்று திடீரென்று நின்றாலும் வெளியே ஓடாதீர்கள், அடுத்த வீச்சு இன்னும் பலமாக வரலாம். விழுந்த கிளையை விறகுக்குப் பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முறிந்து மேலேயே சிக்கி நிற்கும் கிளை பிறகுதான் விழும். மறுநாள்வரை விறகு காத்திருக்கட்டும்.

கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால் 10 மீற்றராவது தள்ளி நின்று மின்சார அவசர எண் 1987க்கு அழையுங்கள். கம்பி தகரக் கூரையில் விழுந்திருந்தால் அந்தக் கூரை முழுக்கக் கரண்ட் இருக்கும். ஈரச் சுவரையும் தொடாதீர்கள்.

படி 7: காய்ந்த பக்கம், நெருப்பு

நம் மலைகளில் நெருப்பு தானாகப் பிடிப்பது மிக அரிது. மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்றும், தேன் எடுக்கவும், குப்பையை ஒழிக்கவும் யாரோ வைத்ததுதான் பெரும்பாலும். கச்சான் அடிக்கும் நாட்களில் தோட்டக் குப்பையைக்கூட எரிக்காதீர்கள்.

வீட்டைச் சுற்றி ஒன்றரை மீற்றருக்கு வெறும் மண் தெரியச் செதுக்குங்கள். அதற்கு அப்பால் 10 மீற்றர்வரை புல்லைக் கட்டையாக வெட்டுங்கள். விறகைச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். பின்பக்கக் கானிலும் (வடிகாலிலும்) கூரைத் தண்ணீர் ஓடும் தகரப் பீலியிலும் சேர்ந்த பைனஸ் ஊசியிலையை வாரத்துக்கு ஒருமுறை அள்ளுங்கள். வீடுகள் எரிவது பெரும்பாலும் சுவாலை வந்து தொட்டு அல்ல, காற்றில் பறந்து வரும் பொறி இந்த இலைக் குவியலில் விழுந்துதான்.

மலையில் நிற்கும்போது நெருப்பைக் கண்டால் மேலே ஓடாதீர்கள். சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கிப் போகும் நெருப்பின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், உங்கள் வேகமோ குறையும். பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்குங்கள். பாதை, ஆறு, ஏற்கெனவே எரிந்து ஆறின தரை, களை வெட்டின பச்சைத் தேயிலை மலை, இவற்றில் எது கிட்டவோ அங்கே போங்கள். கவ்வாத்து வெட்டின (தேயிலையைக் கட்டையாக வெட்டிவிட்ட) மலைக்குள் போகாதீர்கள், வெட்டிக் காய்ந்த வாது நெருப்புக்குத் தீனி. நைலோன் சாரி தோலில் உருகி ஒட்டும், பருத்தித் துணி நல்லது.

பச்சைக் கிளையால் அடித்து அணைக்க நினைத்தால், சுவாலை முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், பலர் சேர்ந்து இருக்க வேண்டும், திரும்பி ஓட வழி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விலகி, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அழையுங்கள்.

புகைக்கு ஈரத் துணியைக் கட்டினால் சாம்பல் படாது, நுண்ணிய புகை உள்ளே போகத்தான் செய்யும். ஆஸ்துமாக்காரரையும் வயதானவரையும் முதலில் புகையில்லாத இடத்துக்கு அனுப்புங்கள். சுட்ட காயத்தில் 20 நிமிடம் குளிர்ந்த பீலித் தண்ணீர் ஓடட்டும். வீங்கும் முன் வளையலைக் கழற்றுங்கள். பற்பசை பூசாதீர்கள்.

இதே ஜூன், ஜூலையில் குவைத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஷமால் காற்று. பாலைவனத்துத் தூசி வானத்தையே மறைக்கும். அவர் செய்வது: ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத் துவாய் திணித்து, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போகாமல் இருப்பது. வெளியே போயே ஆக வேண்டும் என்றால் என்95 முகக்கவசமும் கண்ணாடியும். வாகனத்தில் மாட்டிக்கொண்டால் பாதையை விட்டு நன்றாக விலகி நிறுத்தி, லைட்டை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். சிவப்பு லைட்டைப் பார்த்துப் பின்னால் வருபவர் பாதை என்று நினைத்து வந்து மோதுவார். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஆட்களுக்கும் சொல்லி வையுங்கள்.

படி 8: அடங்கின பிறகு

உடைந்த அஸ்பெஸ்டஸ் தகட்டைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, உடைக்காமல் எடுத்துப் பையில் கட்டுங்கள்.

எரிந்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மேலே சாம்பல் ஆறியிருந்தாலும் மரக்கட்டையின் வேருக்குள் தணல் நாள்கணக்கில் இருக்கும். புறங்கையைத் தரைக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல், சூடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மண்ணைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளறி மறுபடி ஊற்றுங்கள். அடுத்த நாள் காலையில், காற்று எழும்பும் முன், அதே கட்டையைப் போய்ப் பாருங்கள். மெல்லிசாகப் புகை வந்தால் இன்னொரு வாளி.